மறைந்த வக்கீலுக்குக் குளக்கரையில் நினைவுத் தூண் வைக்கலாமா?

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் ஒரு குளத்துப் பாசன சபையில் நீங்கள் இருக்கிறீர்கள். நாற்பது ஆண்டுகளாகக் குளத்துக்கும் காலுக்கும் (நாம் வாய்க்காலைச் சொல்வது அப்படித்தான்) வழக்காடிய ஒரு வக்கீல் சென்ற ஆண்டு காலமானார். கரையில் அவருக்கு மார்பளவுச் சிலையோ தூணோ வைக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். கிளைக்காலுக்கு அவர் பெயரைச் சூட்ட வேண்டும் என்று வேறு சிலர். கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, "அவரு என்னத்தக் கெட்டினாரு, செல வைக்கதுக்கு?" என்று கேட்டதும் எல்லாரும் வாயடைத்துப் போனார்கள். அதற்குப் பிறகுதான் இங்கே வந்து, அனுமதியை யாரிடம் வாங்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். அதையும் சொல்கிறேன். ஆனால் உங்களை உறுத்துவது அனுமதி இல்லை, அந்தப் பெரியவரின் கேள்வி என்று எனக்குப் படுகிறது. அணை கட்டாத, கால் வெட்டாத, கோட்டும் கட்டுமாகக் கோர்ட்டுக்குப் போய்வந்த ஒருவர் தண்ணீருக்கு என்ன செய்தார் என்று எப்படிக் காட்டுவது?

என்னைப் பற்றி ஒரு வரி. நான் வக்கீல் இல்லை. இந்த மாவட்டத்தில் பாசனப் பொறியாளராக 31 ஆண்டு வேலை பார்த்தவன். வக்கீல்களை நான் அறிந்தது பெரும்பாலும் கூண்டில் ஏறி நின்று, அவர்கள் குறுக்குக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான். எனவே சட்டப் பிரிவுகளை நான் சொல்லும்போது, அவற்றால் அடிபட்டுக் கற்றவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். நடவடிக்கை என்று வந்தால் நடப்பில் இருக்கும் ஒரு சிவில் வக்கீலைப் பாருங்கள்.

முதலில் தூண். வேண்டாம். அனுமதி கிடைப்பது கடினம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. கரை என்பது குளத்தின் ஒரு பகுதி. மண் கரையில் அஸ்திவாரம் தோண்டினால் அந்த இடத்தில் கசிவு பிடிக்கும் என்பது பொறியாளனுக்குத் தெரிந்த விஷயம். சட்டத்தின் பக்கம் பார்த்தால், குளங்களைக் காக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007-இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. பொதுச் சாலை, நடைபாதை, பொதுப் பயன்பாட்டு இடங்கள் எதிலும் சிலையோ கட்டுமானமோ வைக்க மாநில அரசுகள் அனுமதி தரக்கூடாது என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது. உங்கள் வக்கீல் வாழ்நாள் முழுக்க வாதாடியது குளத்துப் புறம்போக்கில் யாரும் எதையும் கட்டக்கூடாது என்றுதானே? அவர் பெயரிலேயே அங்கே ஒரு கான்கிரீட் தூண் எழுந்தால், நாளை பக்கத்தில் குருசடியோ இசக்கியம்மன் பீடமோ கட்சிக் கொடிமரமோ வைக்க வருகிறவனிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள்? "வக்கீலுக்கு மட்டும் உண்டு, எங்களுக்கு இல்லியா?" என்பான். அவன் கேட்பதில் நியாயமும் இருக்கும்.

காலுக்குப் பெயர் சூட்டுவது வேறு. அது அரசின் சொத்து, அரசாணை இல்லாமல் பெயர் மாறாது. சபையில் தீர்மானம் போட்டு மாவட்ட நிர்வாகத்துக்கும் நீர்வளத் துறைக்கும் அனுப்பலாம், அனுப்புவதில் தவறில்லை. கிடைக்குமா என்றால், நடக்கலாம், நடக்காமலும் போகலாம். இரண்டு ஆண்டு அலைந்தாலும் கோப்பு ஒரு மேசையிலேயே உட்கார்ந்திருக்கலாம். அந்த இரண்டு ஆண்டில் செய்யக்கூடிய வேறு வேலை இருக்கிறது என்பதுதான் என் கவலை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது பெரியவரின் கேள்வி. நம் மாவட்டத்தில் தண்ணீருக்காகக் கொண்டாடப்படுகிறவர்கள் எல்லாரும் கட்டியவர்கள்தான். பேச்சிப்பாறைக்குப் போனால் அணையைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறையைப் பார்க்கலாம். 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்த வேலை அது, மூலம் திருநாள் மகாராஜா காலத்தது. மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நின்றால் காமராஜர் நினைவுக்கு வருவார். 115 அடி உயரத்தில் பறளியாற்றைத் தாண்டித் தண்ணீர் போகிறதைப் பார்த்த யாருக்கும் நன்றி தானாக வரும். நாகர்கோவிலில் மணிமண்டபம் இருக்கிற நேசமணி வக்கீல்தான், ஆனால் 1956 நவம்பர் 1-இல் இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததற்காக அவரை நினைக்கிறோமே தவிர, அவர் நடத்திய வழக்குகளுக்காக இல்லை. வக்கீலின் வேலையைக் கண்ணால் பார்க்க முடியாது. அவர் ஜெயித்தால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. கால் முன்பு எங்கே ஓடியதோ அங்கேயே ஓடும். குளம் இருந்த இடத்தில் குளமே இருக்கும். நடக்காமல் தடுத்த ஒன்றுக்கு எப்படிப் படம் எடுத்து மாட்டுவது?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், அப்போதுதான் விளங்கும். வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகள் ஆன சமயம். ஒரு கிளைக்கால் தலைமடையை இடித்துப் புதிதாகக் கட்டினோம். ஒப்பந்தக்காரர் மடையின் அடிமட்டத்தை ஏறக்குறைய அரை அடி உயர்த்திக் கட்டிவிட்டார். நான் அளவெடுக்காமல் கையெழுத்துப் போட்டேன். கப்பி போட்டு, சிமென்ட் பூசி, ஷட்டர் வைத்துப் பார்க்க அழகாக இருந்தது. அந்த ஆண்டு கன்னிப்பூவுக்கு, அதாவது முதல் போக நெல்லுக்கு, கடைமடைக் குளத்தில் தண்ணீர் ஏறவில்லை. அதற்கு அடுத்த போகமான கும்பப்பூவிலும் அதே கதை. விவசாயிகள் வந்து கேட்டபோது "அணையில தண்ணி கொறவு" என்று நாங்களும் சொல்லி அனுப்பினோம். பொய் சொன்னோம் என்றில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தோம். அவர்கள் ஒரு வக்கீலைப் பிடித்தார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கரையில் கழற்றிப் போட்டுவிட்டுக் காலில் இறங்கி நடந்தார். தலைமடையிலிருந்து கடைமடை வரைக்கும் நடை. பிறகு முன்சீப் கோர்ட்டில் என்னைக் கூண்டில் ஏற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பழைய மடையோட அடிமட்டம் என்ன, புதுசோட அடிமட்டம் என்ன?" எனக்கு இரண்டுமே தெரியவில்லை. அவர் கையில் பழைய பிளானின் சான்றிட்ட நகல் இருந்தது. கோர்ட் அனுப்பிய கமிஷனர் வந்து அளந்தார், தளத்தை உடைத்துத் தாழ்த்தினோம், குளம் நிறைந்தது. இன்றைக்கு அந்த மடையைப் பார்க்கிறவனுக்கு அங்கே ஒரு வழக்கு நடந்ததே தெரியாது. அந்த அரை அடிதான் அந்த வக்கீல் கட்டியது என்று உங்கள் பெரியவரிடம் சொல்லுங்கள்.

இங்கே ஏன் இவ்வளவு வழக்கு என்றும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இளைஞர்கள் பலருக்கு இது தெரியவில்லை. கோதையாறு பாசனம் ஒரு சங்கிலி. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, இரண்டு சிற்றாறு அணைகள், அவற்றுக்குக் கீழே புத்தன் அணை. அங்கிருந்து பாண்டியன் காலும் பத்மநாபபுரம் புத்தனாறும் பிரிந்து, கிளையாகி, கிளைக்குக் கிளையாகி, குளங்களில் விழும். அரசின் கணக்கில் 79,000 ஏக்கர். ஜூன் 1-ஆம் தேதி திறந்து பிப்ரவரி 28-இல் அடைப்பது வழக்கம். இதே தண்ணீரிலிருந்து இராதாபுரம் கால்வாய் வழியாக நெல்லை மாவட்டத்தில் 52 குளங்களுக்கும் போக வேண்டும், அது 17,000 ஏக்கர். சங்கிலியில் மேலே ஒருவன் ஓர் அடி குறுக்கினால் கீழே ஒரு குளம் வற்றும். மேலே இருப்பவனுக்குத் தான் செய்தது தெரியவே தெரியாது. வீட்டுக்குப் போக ஒரு சின்னப் பாலம் போட்டிருப்பான், அவ்வளவுதான்.

அப்புறம் பழைய ஆவணங்கள். இந்த மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்தது. 1956-க்கு முந்தைய ஆவணங்களில் பல மலையாளத்தில் இருக்கும், தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். "1085 ஆவணி" என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஒரு இளம் அதிகாரி "இது சோழர் காலமா சார்?" என்று என்னைக் கேட்டார். அது 1909. ஆண்டின் தொடக்க மாதங்களுக்கு 824, பிந்தைய மாதங்களுக்கு 825 கூட்டிக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கும், மலையாளக் கையெழுத்தும், மேல்முறையீட்டுக்கு ஒரு காலத்தில் திருவனந்தபுரம், பிறகு எர்ணாகுளம், அப்புறம் சென்னை என்று போய், 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறந்தபின்தான் பக்கத்தில் வந்தது என்கிற வரலாறும் தெரிந்த வக்கீல்கள் ஒரு தலைமுறையில் சிலர்தான் இருந்தார்கள். உங்கள் ஆள் அவர்களில் ஒருவர் என்றால், அவர் போனபோது வாதத் திறமையோடு ஒரு மொழிபெயர்ப்பாளரும் போய்விட்டார்.

காகிதம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு விளவங்கோடு பக்கம் பாருங்கள். நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் கேரளத்திலிருந்து வந்த தண்ணீர் 2004-இல் நின்றது. கால் இருக்கிறது, மடை இருக்கிறது, 9,200 ஏக்கர் கணக்கும் இருக்கிறது, தண்ணீர் இல்லை. நெய்யாறு மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறா இல்லையா என்பதே தகராறு. 2012-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. கட்டியது மட்டும் போதாது, அதில் தண்ணீர் வருவதற்கான உரிமையும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இனி உங்கள் சபை செய்யக்கூடிய வேலை. அவர் வாங்கிக் கொடுத்த தீர்ப்புகளைத் தேடி எடுங்கள். ஏன் என்றால் அவை பழங்கதை இல்லை, உயிரோடு இருக்கிற ஆவணங்கள். பொதுவாக ஒரு டிக்ரியை, அதாவது தீர்ப்பின்படி கோர்ட் போடும் ஆணையை, நிறைவேற்றக் கோர 12 ஆண்டு கெடு. ஆனால் 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தில் 136-ஆவது இனத்தின் கீழ் ஒரு விதிவிலக்கு உண்டு: நிரந்தரத் தடை வழங்கிய டிக்ரிக்கு இந்தக் கெடு கிடையாது. அதாவது 1985-இல் "இந்தக் காலைக் குறுக்கக் கூடாது" என்று அவர் ஒரு நிரந்தர உறுத்துக்கட்டளை (அந்தத் தடைக்குக் கோர்ட் பெயர்) வாங்கியிருந்தால், அதற்கு வயசாகவில்லை. இது உறுதியான விஷயம். அன்றைய பிரதிவாதி இறந்து, நிலம் கைமாறி, இன்று வேறொருவன் குறுக்கினால் அந்த டிக்ரி அவனைக் கட்டுமா என்பதில்தான் சிக்கல். வாரிசு என்றால் ஒரு விதம், விலைக்கு வாங்கியவன் என்றால் வேறு விதம், வழக்கு நடக்கும்போதே வாங்கினானா என்பதும் பார்க்க வேண்டும். இதில் நான் மூக்கை நுழைக்க மாட்டேன், வக்கீலிடம் கேளுங்கள்.

தீர்ப்புக் கையில் கிடைத்ததும் முதல் பக்கத்தில் வாதிகள் பெயர் எப்படிப் போட்டிருக்கிறது என்று பாருங்கள். நான்கு விவசாயிகள் தங்கள் பெயரில் மட்டும் போட்ட வழக்கா, அல்லது "இந்தக் குளத்துப் பத்தில் (குளத்து நீர் பாயும் வயல் பரப்பில்) உள்ள பாசனதாரர் அனைவருக்காகவும்" என்று போட்டதா? சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஆர்டர் 1, ரூல் 8 என்று இதற்கு ஒரு வழி இருக்கிறது. கோர்ட்டின் அனுமதி வாங்கி, ஊருக்கு அறிவிப்புக் கொடுத்து, எல்லாருக்காகவும் சிலர் வழக்காடுவது. அலைச்சல் கூடுதல், செலவு கூடுதல். அப்படி நடத்திய வழக்கில் வரும் தீர்ப்பு பத்து முழுவதையும் கட்டும். நான்கு பேருக்காகப் போட்டு ஃபீஸ் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். ஒரு வக்கீல் மெனக்கெட்டு இந்த வழியில் போயிருந்தால், அவர் கட்சிக்காரரை மட்டும் நினைக்கவில்லை, குளத்தை நினைத்திருக்கிறார். பொதுச் சேவை என்று நீங்கள் சொல்வதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். எனக்கு இந்த ஒன்றே போதும்.

அரசுக்கு உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் போட்ட ரிட் வழக்குகளும் இருக்கலாம். 2005-இல் எல். கிருஷ்ணன் வழக்கில் நீர்நிலைப் புறம்போக்கு ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015-இல் டி.கே. சண்முகம் வழக்கில் முழு அமர்வு, 2007 சட்டம் வந்ததால் அதற்குள் வராத மற்ற நீர்நிலைகளைக் காக்கும் அரசின் கடமை குறைந்துவிடவில்லை என்றது. உங்கள் வக்கீல் இவற்றைக் காட்டி உங்கள் குளத்துக்கு ஓர் உத்தரவு வாங்கியிருந்தால், "பரிசீலித்து முடிவெடுக்கவும்" என்று முடிகிறதா, "அகற்றவும்" என்று முடிகிறதா என்று கடைசிப் பத்தியைப் பாருங்கள். முதலாவது பாதி வெற்றிதான். அவருக்கு நினைவு மலர் போட்டால் அதை முழு வெற்றியாக அதில் எழுதாதீர்கள், தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

மலர் என்றதும் இன்னும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். உங்கள் பதிவில் "ஒரு பைசா வாங்காமல் வாதாடினார்", "நூற்றுக்கணக்கான குளங்களை மீட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அன்பில் எழுதியது, புரிகிறது. ஆனால் கோர்ட் ஸ்டாம்ப், நகல், கமிஷனர் பேட்டா எல்லாம் யாரோ கொடுத்துத்தான் இருப்பார்கள். ஊரில் பிரித்தார்களா, அவரே போட்டாரா என்று கேட்டு எழுதுங்கள். வழக்கு எண்ணோடு எழுதும் பதினோரு குளம், எண் இல்லாத நூறு குளத்தைவிடப் பெரிது. தோற்ற வழக்குகளையும் சேருங்கள். தோற்ற வழக்கின் தீர்ப்பில்தான் சில நேரம் குளத்தின் எல்லை சுத்தமாக எழுதப்பட்டிருக்கும். இன்னொன்று, கொஞ்சம் கசப்பாக இருக்கலாம்: நாற்பது ஆண்டு தொழில் செய்தவர் எங்காவது ஆக்கிரமித்தவர் பக்கமும் ஆஜராகியிருப்பார். அது தொழில். அதை மறைத்தால், தெரிந்த ஒருவன் அதே கூட்டத்தில் எழுந்து சொல்வான்.

வழக்குக் கட்டுகளைத் தேடும்போது ஓர் எச்சரிக்கை. அவருடைய அலுவலகத்தில் குளத்து வழக்குகளோடு பாகப்பிரிவினை, விவாகரத்து, கடன் என்று ஊரார் ரகசியமும் அடுக்கியிருக்கும். வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதைக் காக்கும் கடமை, வேலை முடிந்ததும் தீர்வதில்லை. எனவே சபைக்காரர்கள் நேரடியாகப் போய்ப் பிரித்துப் பார்க்காதீர்கள். அவருடைய ஜூனியரோ குமாஸ்தாவோ பிரித்து, சபையோ விவசாயிகளோ வாதியாக இருந்த கட்டுகளை மட்டும், அந்த வாதிகளின் சம்மதத்தோடு எடுத்துத் தரட்டும். குமாஸ்தாவுக்குத்தான் எது எங்கே இருக்கிறது என்று தெரியும், வக்கீலுக்கே தெரியாததும் தெரியும். அவரை மேடையில் உட்கார வைக்க மறந்துவிடாதீர்கள். கட்டு கிடைக்காவிட்டால் வழக்கு எண்ணை வைத்துக் கோர்ட்டில் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடலாம். தீர்ப்பும் டிக்ரியும் நீண்ட காலம் பாதுகாக்கப்படும். சாட்சி ஆவணங்கள், மற்ற காகிதங்களுக்குக் கெடு உண்டு, அது கடந்தால் விதிப்படி அழித்துவிடுவார்கள். கமிஷனர் போட்ட பிளான் அவர் கட்டில் மட்டும்தான் மிஞ்சியிருக்கும் என்ற நிலைகூட வரலாம். நினைவுக் கூட்டத்துக்காகக் கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இந்த வேலையைச் செய்யுங்கள். பழைய பேப்பர்க்காரர் கிலோக் கணக்கில் எடுத்துப் போய்விட்டால் பிறகு கிடைக்காது.

சரி, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றுமே வேண்டாமா என்றால், வேண்டும், ஊர் மனசுக்கு அது தேவை. வக்கீல் சங்கத்தில் படத்திறப்பு வைக்கச் சொல்லுங்கள், அது அவர்கள் வழக்கத்திலேயே உள்ளது. சபைக்குச் சொந்தக் கட்டடமோ, யாராவது தானமாகத் தரும் பட்டா நிலமோ இருந்தால் அங்கே ஒரு கல் வையுங்கள். அதில் அவர் முகத்தைவிட, குளத்தின் பெயர், சர்வே எண், பரப்பு, மடைகள் எத்தனை, மறுகால் (உபரி நீர் வெளியேறும் இடம்) எங்கே, எந்தக் காலிலிருந்து தண்ணீர், எந்த வழக்கு எண்ணில் எந்த ஆண்டு தீர்ப்பு என்று பொறிக்கலாம். கீழே அவர் பெயர். சர்வே எண்ணையும் பரப்பையும் வாய்வழியாகப் போடாமல் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் ஒப்பிட்டுப் போடுங்கள், கல்லில் தப்பாக வெட்டினால் எதிர்த்தரப்பு அதையே சான்றாகக் காட்டும். அதோடு, குளத்தின் எல்லையை அளந்து கல் நடச் சொல்லி அவர் நினைவு நாளில் சபை சார்பில் ஒரு மனு கொடுங்கள். நீர்வளத் துறைக் குளம் என்றால் 2007 சட்டத்திலேயே அளந்து எல்லை குறிக்க வழி இருக்கிறது. 40 ஹெக்டேருக்குக் குறைவான பாசனப் பரப்புள்ள குளங்கள் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் வரும், ஆனால் நம் மாவட்டத்தில் கோதையாறு சங்கிலியில் உள்ள சிறு குளங்களும் நீர்வளத் துறையிடம் இருப்பதுண்டு, எனவே யாரிடம் இருக்கிறது என்று உறுதிசெய்துவிட்டு மனுவில் முகவரி எழுதுங்கள். தவறான அலுவலகத்துக்குப் போன மனுவுக்கு "எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை" என்று ஒரு வரிப் பதில் வரும். அப்படி எத்தனையோ பதிலை நானே எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி கடைசியில் அணையை அடைத்ததும் கால் வற்றும். மார்ச் முதல் வாரத்தில் சபைக்காரர்கள், அவருடைய ஜூனியர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலு பேர் எல்லாருமாகத் தலைமடையிலிருந்து உங்கள் குளம் வரை காலுக்குள்ளேயே ஒரு நடை நடந்து வாருங்கள். கையில் டேப்பும் தீர்ப்பின் நகலும் இருக்கட்டும். அந்தப் பெரியவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், நடக்க முடியாவிட்டால் தீர்ப்பில் சொன்ன இடத்துக்கு மட்டும் வண்டியில் வரச் சொல்லுங்கள். தீர்ப்பில் கால் இத்தனை அடி அகலம் என்று இருக்கும், அங்கே டேப்பைப் பிடித்துப் பார்க்கட்டும். அளவு குறைந்திருந்தால் படம் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள், ஜூன் 1-க்கு முன்னால் வக்கீலைப் பார்க்க மூன்று மாதம் இருக்கிறது.